கை, நகம் பார்க்கப்படும்

நகம் வெட்டுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வேலை முடிகிறவரை வந்தவள் எழுந்து போக முடியாது, அவள் விரல் நம் கையில் இருக்கிறது. ஒரு கஷ்டமும் உண்டு: வேலை முடிந்ததும் போய்விடுவாள். தனியாக ஒரு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் கேட்கிற ஒவ்வொரு காலடிக்கும் நிமிர்ந்து பார்த்தவர்கள் உங்களில் இருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கொழும்பில் என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் ஒரு துரைசாணி வீட்டில் ஆயா. வாரம் ஒரு நாள் துரைசாணிக்குக் கை பார்த்துவிட வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து, நகம் வெட்டி, சின்ன அரத்தால் ஓரத்தைத் தேய்த்து, நகத்தை மூடி வருகிற தோலை எலும்புக் குச்சியால் மெல்லத் தள்ளி, எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டும். அவளே கற்றுக்கொடுத்தாள். என் வீட்டுக்காரர் ஒரு காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். துரைசாணி சீமைக்குக் கப்பல் ஏறும்போது அந்தக் கருவிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சுதந்திரம் வந்த மறு வருஷம் நானும் ஊர் திரும்பினேன்.

பனவடலிசத்திரத்தில் அண்ணன் வீட்டில் பத்து நாள் இருந்தேன். பதினோராம் நாள் மதினி என் தட்டை மட்டும் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கே சங்கரன்கோவிலுக்கு வந்து, தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் முன்னறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். தகரத்தில் போர்டு எழுதி மாட்டினேன்: 'கை, நகம் பார்க்கப்படும். பெண்களுக்கு மட்டும்.'

முதல் வாடிக்கை

போர்டு மாட்டிப் பதினெட்டு நாள் ஒருத்தரும் படியேறவில்லை. பத்தொன்பதாம் நாள் இளையரசனேந்தல் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர், தோளில் ஒரு வெள்ளாட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அதற்குக் குளம்பு வளர்ந்து முன்னால் மடங்கிக் கிடந்தது. காலை ஊன்ற முடியவில்லை. "இங்கன நகம் வெட்டுதாகளாமே" என்றார். பெண்களுக்கு மட்டும் என்று போர்டில் எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர் ஆட்டைக் கீழே இறக்கிவிட்டு, "இதுவும் பொட்டைதான் தாயி" என்றார்.

பதினெட்டு நாள் சும்மா இருந்த கை. வெந்நீர் வைத்தேன். துரைசாணியின் கையை ஊறவைத்த மாதிரியே ஆட்டின் காலையும் ஊறவைத்தேன். பக்கத்து வீட்டில் பேனாக்கத்தி வாங்கி, மடங்கிய குளம்பைச் சீவி, அரத்தால் சமப்படுத்தினேன். ஆடு நாலு எட்டு நடந்து பார்த்து, நொண்டாமல் வாசல்வரை போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வீட்ல அக்காவையும் வரச் சொல்லுங்க, அவுகளுக்கும் நல்லாப் பாத்து விடுதேன்" என்றேன். அவர் ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மனுசருக்குக் கடிச்சுத் துப்பப் பல்லு இருக்கு தாயி, இந்த வாயில்லாச் சீவனுக்கு என்ன இருக்கு?"

வீட்டுக்கார அக்கா

வீட்டுக்கார அக்கா உலகம்மாள் பின்கட்டில் இருந்தாள். நல்லவள்தான், ஆனால் என் தொழிலைப் பற்றி அவளுக்கு ஆயிரம் கவலை. செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக் கூடாது. அமாவாசை, கார்த்திகை கூடாது. பிறந்த கிழமை கூடாது. விளக்கு வைத்த பிறகு கூடவே கூடாது. அவள் கழித்ததெல்லாம் போக எனக்கு மிஞ்சியது புதன்கிழமையும், யாரும் கவனிக்காத வேறு ஒன்றிரண்டு நாட்களும்தான்.

ஒருநாள் விளக்குமாற்றோடு வந்து என் அறையை மூலை மூலையாகக் குனிந்து பார்த்தாள். "நகத்த எங்கன போடுத? நகம் வீட்டுக்குள்ள கெடந்தா சண்டை வரும்" என்றாள். எல்லாவற்றையும் தாளில் மடித்து வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறேன் என்றேன். அவளுக்கு மனசு ஆறவில்லை. "ஒண்ணு ரெண்டு தெறிச்சுக் கெடக்கும்லா?" என்றாள். "கெடந்தாத்தான் என்னக்கா, இந்த அறையில நான் ஒருத்திதான" என்றேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "அதுவுஞ் சரிதான். சண்டை வரணும்னாலும் கூட ஒரு ஆளு வேணும்லா."

புதன்கிழமைத் தூக்கம்

கடையைக் காப்பாற்றியவர்கள் தறிக்காரப் பெண்கள். நூல் சுற்றுகிற விரலில் நகம் பிசிறாக இருந்தால் இழை மாட்டி அறுந்துபோகும். கஞ்சிப் பசையில் கிடந்து கிடந்து விரல் நுனி வெடித்தாலும் அப்படித்தான். மாரியம்மாள் என்று ஒருத்தி புதன்கிழமை தவறாமல் வருவாள். ஐந்து பிள்ளைகள், இரண்டு தறி, படுக்கையில் கிடக்கும் மாமனார். கையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்ததும் அவள் தலை சுவரில் சாயும். அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவாள்.

முதல் தடவை எழுப்பினேன். திடுக்கிட்டு, "தறி நின்னுட்டா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் எழுப்பவில்லை. தண்ணீர் ஆறினால் சத்தமில்லாமல் வேறு வெந்நீர் ஊற்றுவேன். அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இன்னொரு ஆள் தூங்குகிற சத்தத்தைக் கேட்டு எனக்கு வருஷக்கணக்காகியிருந்தது. ஒரு வாரம் அவள் நகம் வளரவே இல்லை. வெட்ட ஒன்றும் இல்லை, அடுத்த வாரம் வந்தால் போதும் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. கிண்ணத்தைத் தானே இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வெட்டாட்டாலும் போகுது, வெந்நிய மட்டும் வையிக்கா. எங்க வீட்ல நான் உக்காந்தா எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்சிருது."

தபசுக் கூட்டம்

ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். என் சந்துக்குள்ளும் வண்டியை அவிழ்த்துப் போடுவார்கள். இத்தனை ஆயிரம் கை வந்திருக்கிறதே என்று நானும் அறையைக் கழுவி, புதுத் துண்டு விரித்து உட்காருவேன். எல்லாரும் புற்றுமண்ணை வாங்கிக் கைகாலில் பூசிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மன் மண் இருக்கிற ஊரில் என் எண்ணெய் யாருக்கு வேண்டும்?

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வயசான அம்மா நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். யாரோ போர்டை வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். கையை மல்லாத்தி என் மடியில் வைத்து, "எம் மவன் எப்பம் வருவாம்னு பாத்துச் சொல்லு" என்றாள். மகன் சண்டைக்குப் போனவனாம். பர்மாவிலிருந்து ஒரு கடிதாசி வந்ததாம், அதோடு சரி. சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. "நான் ரேகை பாக்கவ இல்லம்மா, நகம் பாக்கவ" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. வெளியே மேளச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துச் சொன்னாள்: "அப்பம் நகத்தப் பாத்துச் சொல்லு."

கூட வந்தது யாரு?

எலுமிச்சங்காய் பறித்துத் தரம் பிரிக்கிற சண்முகத்தாய் புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். முள் குத்திக் குத்தி அவள் விரல் எப்போதும் புண்தான். ஒருநாள் வலது ஆள்காட்டி விரலில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். நகச்சுத்து. அதற்குப் பழம் செருகுவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் பழத்தை எடுத்துப் பார்த்தால் விரல் கறுத்து, வீக்கம் மணிக்கட்டுவரை ஏறியிருந்தது. என் கருவிப் பெட்டியை மூடிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். மாட்டேன் என்று அழுதாள், விரலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். கடையைப் பூட்டி, அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் கீறி விட்டபோது அவள் இடது கையால் என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியில் அவள் நகம் என் கையில் பதிந்து தோள்வரை வலித்தது. இருந்தாலும் விடவில்லை. விரல் தப்பியது. ராத்தங்க வேண்டும் என்று சொல்லி, கம்பவுண்டர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "கூட வந்தது யாரு, அக்காவா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "யாருமில்லய்யா. நகம் வெட்டுதவ."

ராமலட்சுமி

பனவடலிசத்திரத்தில் நிலபுலம் உள்ள ஒரு பெரிய சம்சாரி வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் ராமலட்சுமி, பதினேழு வயசு. பத்து விரலிலும் நகத்தைச் சதைவரை கடித்து வைத்திருந்தாள். யாராவது ஏறெடுத்துப் பார்த்தாலே பயத்தில் விரல் வாய்க்குப் போய்விடும். தாலி கட்டுகிற அன்று ஊரே அந்தக் கையைப் பார்க்குமே என்று அவள் அம்மாவுக்குக் கவலை. எனக்கு ஆள் விட்டார்கள். நான் தாலியறுத்தவள். அதனால், "முன்வாசல் வழியா வராத. தப்பா நெனைக்காத" என்று அம்மாக்காரி முதலிலேயே சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் வாராவாரம் கொல்லைவாசல் வழியாகப் போனேன்.

கடிக்காமல் இருக்க விரலில் வேப்பெண்ணெய் தடவினேன். அடுத்த வாரம் போனால் எண்ணெயும் இல்லை, நகமும் இல்லை. "கசப்பு பழகிட்டுக்கா" என்றாள். அப்புறம் எண்ணெயை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். பேசும்போது கடிக்க மறந்துபோனாள். மாப்பிள்ளை புளியங்குடி, வேலை கொழும்பில் ஒரு கடையில். "கொழும்புக்குப் போனவுக திரும்பி வருவாகளாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "நான் வந்துட்டேன்லா" என்றேன். அவள் என் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். எப்படியோ கல்யாணத்துக்குள் நகம் ஓரளவு தேறியது. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் ஒரு ஓலைக்கொட்டானில் பலகாரம் வந்தது. அதை மூன்று நாள் தின்றேன்.

மாப்பிள்ளை நாற்பதாம் நாள் கப்பலேறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் கழித்து அவள் என் படியேறி வந்தாள். கோவிலுக்கு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். பத்து நகமும் நீளமாக, முழுசாக, பிறை மாதிரி வளர்ந்திருந்தன. நான் பூரித்துப்போய், "ஏட்டி, கடிக்கத விட்டுட்டியா! பயமெல்லாம் போச்சா?" என்றேன். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அங்கன என்னய யாரும் ஏறெடுத்துப் பாக்கதே கெடையாதுக்கா. பின்ன யாருக்குப் பயந்து கடிக்க?"

நர்ஸம்மா

ஆஸ்பத்திரிக்கு எஸ்தர் என்று ஒரு நர்ஸ் மாற்றலாகி வந்தாள். நாகர்கோவில் பக்கம். என் வயசுதான், அவளும் ஒற்றை ஆள். பிரசவம் பார்க்கிற கை, நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து கையை நீட்டுவாள். அதிகம் பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். அந்த அரைமணி நேரத்துக்காக நான் பதினைந்து நாளும் காத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் மாற்றல். மத்தியான ரயிலுக்குப் போக வேண்டும், பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை கை பார்க்க வந்தாள். முடித்துத் துடைத்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. "உங்க வலக்கையக் காட்டுங்க" என்றாள். வலது கையால் கத்தரி பிடித்து இடது கை நகத்தை அழகாக வெட்டிக்கொள்வேன். இடது கையால் வலது கைக்கு வராது. அதை எப்போதும் சுவரில் உரசித்தான் தேய்த்துக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, என் கத்தரியாலேயே வெட்டத் தொடங்கினாள். குழந்தைகளின் தொப்புள்கொடியை வெட்டுகிற கை, என் நகத்தில் தடுமாறியது. சுண்டுவிரலில் கொஞ்சம் சதையையும் சேர்த்து வெட்டிவிட்டாள். நான் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் நிறுத்திவிடுவாளே. ஐந்து விரலும் முடிந்ததும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்: "கோணலாட்டு வந்துட்டு. சாரமில்ல, வளந்துரும்லா."

கண்ணில் வெள்ளெழுத்து விழுந்து போர்டைக் கழற்றுகிற வரைக்கும் பதினோரு வருஷத்தில் எத்தனை பேர் கையைப் பிடித்தேன் என்று கேட்டால் எனக்குக் கணக்குத் தெரியாது, என் கையை எத்தனை பேர் பிடித்தார்கள் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவேன், அதற்கு ஒரு கையே தாராளம்.