சவர நுரையில் கரைந்த ஒரு நாள்

பிள்ளைகளே, நான் எட்டாவதோடு நின்றவன். உங்கள் அம்மா ஐந்தாவது. ஆனாலும் நம் வீட்டில் எழுதியது அவள்தான். அது எனக்கே வெகுநாள் தெரியாது.

அப்போது அயனம்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிக் குடியிருந்தோம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைப்பேன். சவரம் செய்யும்போது ரேசரில் சேரும் நுரையை அவற்றில் ஒன்றில்தான் துடைப்பது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, துடைத்த நுரை நீலமானது. திருப்பினால் தாளின் பின்பக்கம் முழுக்க எழுத்து, கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா பண்ணி வச்ச?" உங்கள் அம்மா ஓடிவந்தாள். "மை காயட்டும்னு சொருகி வச்சேன்."

"இன்னா எழுத்து அது?"

ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே தை மாதத்திலிருந்து தாள்கள். துணி துவைக்கப் போகிறபோது ஏரியில் கண்டதை நாள்தோறும் எழுதியிருந்தாள். 'இன்று தண்ணீர் துவைக்கிற கல்லை விட்டு இறங்கிவிட்டது. நாரை நடந்த தடங்களில் ஊற்று நிற்கிறது. வானம் அதில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.' ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தேன்.

"ஒரு வருசம் முழுசா எழுதிடணும்னு கீறேன். ஒரு நாள் கூட உடல. இப்ப நேத்து பூட்ச்சு."

"மறுபடி எழுதேன்."

"நேத்து கண்டத இன்னிக்கு எழுதினா கதையா பூடும்."

நனைந்த தாளில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: முதுகில்.

"முதுகுல இன்னா?"

"ஏழு வருசமா அந்தக் கரைமேலதான கம்பெனிக்கு சைக்கிள் ஓட்டிகினு போற. கண்ணு இன்னா, ஊட்ல வச்சிட்டா போற? போய்ப் பாரு."

மறுநாள் ஞாயிறு. அவளோடு போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கோரைக்குள்ளிருந்து ஒரு முக்குளிப்பான் பறவை நீந்தி வந்தது. அதன் சிறகு லேசாகத் தூக்கியிருந்தது. அந்த இடுக்கிலிருந்து கட்டைவிரல் அளவில் கோடு போட்ட ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. தாய் முதுகில் உட்கார்ந்து இரண்டு குஞ்சுகளும் ஏரியைப் பார்த்துக்கொண்டே போயின. இத்தனை நாளும் இது என் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய தாளை என்னிடம் நீட்டினாள். "இன்னிக்கு நீ எழுது."

கோணல் கையெழுத்தில் நாலு வரி எழுதினேன். டின்னில் அதை வைத்தாள். அதற்கு முன்பே அந்த நீலக் கறைத் தாளையும் காயவைத்து, அதன் இடத்தில் சேர்த்திருந்தாள்.

ரேசர் நுரையை நான் புறங்கையில் துடைப்பதைப் பார்த்துச் சிரிப்பீர்களே, அன்று தொட்டு வந்த பழக்கம் அது.