சித்தியின் நீலக் கவுண்

பலெர்மோப் பெண்பிள்ளைகள் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு அணியும் கவுண் இப்போது பெரியவர்களிடம் வந்துவிட்டது. இடுப்பில் இறுகி, கீழே குடை விரிந்தாற்போல அடுக்கடுக்காய் வலைத்துணி. என் தொலைபேசியில் நாள் முழுக்க அதுதான்: நாற்பது வயதுப் பெண்கள் அந்தக் கவுணோடு மீன் வாங்குகிறார்கள், நாயோடு நடக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் சித்தியைப் பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு கடைக்கு இழுத்துப் போனேன்.

சித்தி அம்மாவின் தங்கை. கிழமை நாட்களில் வீடுகள் துடைப்பாள். இங்கே குடிவந்த எங்கள் ஆட்களின் விழா எதுவானாலும் கறி வாளியோடு பந்திக்குள் ஓடுபவளும் அவள்தான். கடையில் உடை மாற்றும் திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தபோது வான நீலம் அறையை நிரப்பியது. கால்கள் தெரியவில்லை, மிதந்துதான் வந்தாள் என்று இன்றும் சொல்வேன். இடது கை மட்டும், இல்லாத சேலைத் தலைப்பைத் தேடித் தோளுக்குப் போய்ப் போய் வந்தது.

"உன்ரை அண்ணன்ரை கலியாணத்துக்கு இதைத்தான் போடப் போறன்," என்றாள். "அண்டைக்கு ஒரு நாளெண்டாலும் நான் வாளி தூக்க மாட்டன்."

வீட்டில் இதைக் கேட்டு அம்மா கொதித்தாள். "உனக்கென்ன விசரே? மாப்பிள்ளையின்ரை சித்தி நீ. ஆர் பரிமாறுறது?"

"ஆரெண்டாலும் பரிமாறட்டும் அக்கா."

கலியாணத்தன்று சாப்பாட்டுச் சட்டிகளே காரை அடைத்துக்கொண்டதால், நானும் சித்தியும் பிரான்காச்சோ மண்டபத்துக்குப் பேருந்தில் போனோம். கவுண் இரண்டு இருக்கைகளை நிறைத்து நடைவழியிலும் வழிந்தது. யன்னல் வெயில் வலைக்குள் புகுந்து, வெளியேற மனமில்லாமல் அங்கேயே கிடந்தது. எதிரே இருந்த பெண் ஒருத்தி தரையில் கிடந்த ஓரத்தை அள்ளித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பேருந்து ஆட ஆட நீலமும் ஆடியது. இறங்கும் இடம் வராமலே போகட்டும் என்றிருந்தது எனக்கு.

மண்டப வாசலிலேயே மாமி, அப்பாவின் அக்கா, சித்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, நுளம்பு வலையோடை வந்திருக்கிறாய்?"

"ஓம் மச்சாள், நீங்கள் கடிக்காமல் இருக்கத்தான்."

எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது மாமிதான்.

முதல் பந்தி தொடங்கியது. அம்மா வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். "தங்கச்சி, சாம்பார்!"

சித்தியும் வழக்கம்போல எழும்பிவிட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேசைகளுக்கு நடுவே நுழைந்தாள். அவள் நுழைந்தாள், கவுண் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி நுழையப் பார்த்தாள். ஒரு கதிரை விழுந்தது. வலைத்துணி இரண்டு பக்க மேசைகளிலும் ஏறி, அப்பளங்களுக்கு மேல் முகில் மாதிரி நின்றது. சனம் முழுக்க அவளையே பார்த்தது.

"அக்கா, போகேலாது," என்றாள் சித்தி, முகமெல்லாம் வெளிச்சமாய்.

அம்மா வந்து வாளியைப் பறித்தாள். "அப்ப அங்கையே இரு."

விழுந்த கதிரையை நிமிர்த்தி அதிலேயே உட்கார்ந்தாள் சித்தி. யாரோ தட்டு வைத்தார்கள். அம்மா முகத்தை நீட்டிக்கொண்டு ஒரு அகப்பை சாம்பார் ஊற்றிவிட்டு நகரப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடக்கா," என்றாள் சித்தி.