அத்தைக்கு முன்னால் போன பெட்டி

தம்பானூரில் இறங்கினால் முதலில் வருவது வாசனைதான். ஒரு பக்கம் ரயில் நிலையத்தின் கரிப்புகை, எதிர்ப்பக்கம் பஸ் நிலையத்தின் டீசல், நடுவே ரோட்டோரக் கடைகளில் பொரியும் நேந்திரம்பழம். மூன்றும் கலந்து மூக்கில் ஏறும்போதே யாரோ ஊருக்குப் போகப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிடும்.

வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீடு. நாகர்கோவிலுக்கு ரயில் வராத காலம் அது. திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸில் நாகர்கோவில் போய் அங்கே வண்டி மாறிப் பொழுதோடு போய்ச் சேர்வார்கள். அப்பா மட்டும் ரயில் கட்சி. கொல்லம், செங்கோட்டை என்று ஊரெல்லாம் சுற்றி மறுநாள் காலையில் கொண்டுபோய் விட்டாலும், "தண்டவாளம் இருக்கோல்லியோ, வண்டி வேறெங்கேயும் போகாது" என்பார்.

அப்பாவின் தங்கை ராஜத்துக்குத் திருநெல்வேலிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் சேர வேண்டும். அத்தைக்கு இது மூன்றாவது வேலை. முந்தைய இரண்டிலும் அப்பா கூடவே போய், கூடவே திரும்ப அழைத்து வந்துவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றில் பாசி. இன்னொன்றில் அத்தை கையெழுத்துப் போடப் போகும்போது தலைமையாசிரியர் தும்மிவிட்டார். இந்தத் தடவையும் அப்பா கூடப் போவதாக ஏற்பாடானபோது, அத்தை இரண்டு நாள் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தாள்.

வியாழக்கிழமை ரயில் புறப்படும் நேரம் சரியாக ராகுகாலம். அதற்கும் எங்கள் வீட்டில் வழி உண்டு. அதுதான் "பரஸ்தானம்". நல்ல நேரத்தில் பெட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆளே புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் கிளம்பினாலும் ராகு ஒன்றும் செய்ய முடியாது. காலையிலேயே அத்தையின் தகரப்பெட்டியை ரயில் நிலையத்து வாசல் பழக்கடையில் கொண்டுபோய் வைத்தோம். அப்பா கிழக்கே பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில், அத்தை போர்ட்டர் பாஸ்கரனிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கூஜாவைச் சுமந்துகொண்டிருந்த நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் "கட்டுசாத" மூட்டையோடு போனால் பழக்கடையில் பெட்டி இல்லை. பாஸ்கரன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"ஸ்வாமிகளுடெ பெட்டியல்லே? நாகர்கோயில் பஸ்ஸின்டெ மேலெ கேற்றி. அதிப்போ பாறசாலை கழிஞ்ஞு காணும்!"

பெட்டியை நாகர்கோவில் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டாராம்; அது இந்நேரம் பாறசாலையைத் தாண்டியிருக்குமாம். அக்கிரகாரத்துப் பெட்டி என்றால் அது நாகர்கோவில் பஸ்ஸுக்குத்தான் என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும். அப்பாவுக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. சர்ட்டிபிகேட் எல்லாம் பெட்டியில். அது போய்விட்டால் வேலையும் போச்சு. ரோட்டைக் கடந்து பஸ் நிலையத்துக்கு ஓடினோம். அடுத்த நாகர்கோவில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஒராள் மாத்ரம்! ஒரு சீட்டே உள்ளூ!" என்று கத்தினார் கண்டக்டர்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை படியில் ஏறிவிட்டாள்.

"ராகுகாலம்டீ! இறங்குடீ ராஜம்!"

"பெட்டி நல்ல நேரத்துலதானே அண்ணா கிளம்பித்து? அப்போ நானும் அப்பவே கிளம்பியாச்சுன்னுதானே அர்த்தம்!"

அப்பா வைத்த சட்டம். கண்டக்டர் மணியடித்தார். போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு அப்பா நடுரோட்டில் நின்றார், பின்னால் வந்த அடுத்த பஸ் ஹாரன் அடித்தே அவரை ஒதுக்க வேண்டியிருந்தது. செங்கோட்டை ரயிலும் அவர் இல்லாமலே போயிற்று. பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் கட்டுசாதத்தைச் சாப்பிட்டோம். மூன்றாம் நாள், வேலையில் சேர்ந்தாகிவிட்டது என்று தபால் வந்தது. அத்தை அங்கேயே ஓய்வு பெற்றாள். அந்தப் பள்ளிக் கிணற்றிலும் பாசி இருந்ததாம்.

போன மாதம் மகளை பெங்களூர் ரயிலேற்றத் தம்பானூர் போயிருந்தேன். ரயில் நிலையத்தின் கல்கட்டடம் அப்படியே நிற்கிறது. எதிரே பஸ் நிலையம் மாடி மாடியாக உயர்ந்துவிட்டது. கரிப்புகை இல்லை, பழக்கடை இல்லை. பரஸ்தானம் என்றால் என்ன என்று மகள் கேட்கிறாள். அவள் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ராகுகாலத்திலேயே போய்விட்டாள். அங்கிருந்தே அத்தைக்குப் போன் செய்து, "அன்னிக்கு பாஸ்கரன் பெட்டியைத் தப்பா ஏத்தினது நல்லதாப் போச்சு, இல்லையா அத்தே?" என்றேன்.

"தப்பா எங்கேடீ ஏத்தினான்? நான் சொன்ன வண்டியிலதான் ஏத்தினான்" என்றாள் அத்தை. "சர்ட்டிபிகேட்டெல்லாம் என் கைப்பையில இருந்தது."