பதினொரு பேரும் வரட்டும்

டெபோரா ஒன்பது வருடத்தில் ஆறு பள்ளிக்கூடங்களில் பாடம் எடுத்தவள். எல்லா இடத்திலும் அவளுக்கு ஒரே பெயர்தான், லீவு வேகன்சி டீச்சர். யாராவது பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ போனால் கூப்பிடுவார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் அனுப்பிவிடுவார்கள். பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறியவளுக்கு ஸ்டாஃப் ரூமில் ஒரு நாற்காலி எங்கும் கிடைத்ததில்லை.

சென்ற ஜூலையில் ராயபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு சி பிரிவைக் கொடுத்தார்கள். முதல் நாளே தலைமை ஆசிரியர் சாலமன் சொல்லிவிட்டார்.

"சி செக்‌ஷன்ல பெருசா எதுவும் எதிர்பார்க்காதீங்க. சத்தம் வராம பார்த்துக்கிட்டா போதும்."

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அதில் பதினொரு பேருக்கு எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்க வரவில்லை. ஆறு வருடமாகத் தேர்ச்சி போட்டு மேலே தள்ளியிருக்கிறார்கள். அன்று மத்தியானத்துக்குள் டெபோரா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைகள் மேல் அவளுக்குக் கோபமில்லை, ஒவ்வொரு வருடமும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் மேல்தான். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பாதியை அந்தப் பதினொரு பேருக்குக் கொடுத்தாள். பிஸ்கட் கவர், பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிக்க வைத்தாள். பவானி என்ற பெண் 'காசிமேடு' என்று தானாகப் படிக்க மூன்று வாரம் ஆனது.

அக்டோபரில் ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் சாலமன் ஒரு தாளை நீட்டினார். அதில் அந்தப் பதினொரு பெயர்கள்.

"இவங்க நாளைக்கு வர வேணாம். வீட்டுக்கு நீங்களே போன் பண்ணிடுங்க. காய்ச்சல்னு எழுதிக்கலாம்."

"படிக்க வர்ற புள்ளைங்கள வராதேன்னு எப்படி சார் சொல்றது?"

"ஸ்கூல் பேரு முக்கியம் டீச்சர். நீங்க ரெண்டு மாசத்துல போயிடுவீங்க. நாங்க இங்கயே இருக்கணும்."

டெபோரா போன் செய்தாள். பதினொரு வீட்டுக்கும், கட்டாயம் அனுப்புங்கள் என்று. பவானியின் அம்மா தாயம்மா காசிமேட்டில் இறால் உரிப்பவள்.

"இன்னா டீச்சர், போன வருசமும் ஆபீசர் வர்றாருன்னு வாணான்னாங்கோ. எம்பொண்ணு நாள் பூரா அழுதுகினு இருந்துச்சு. ஒளிச்சு வெக்கறதுக்கு அது இன்னா குப்பையா, கலீஜா?"

மறுநாள் பதினொரு பேரும் வந்தார்கள். அதிகாரி அம்மா 'ஏ' பிரிவை மட்டும் பார்த்துவிட்டுப் படியிறங்கப் போனார். டெபோரா வராந்தாவில் வழியில் நின்றாள்.

"மேடம், ஏழாவது சி பாக்கி இருக்கு. முப்பத்தெட்டுப் பேரும் வந்திருக்காங்க."

சாலமன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா வகுப்புக்குள் போய்விட்டார். கடைசி பெஞ்சிலிருந்து பவானியை எழுப்பினார். பாடத்தில் நாலு வரி வாசிக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் பிடித்தது, மூன்று தப்பு. அதிகாரி புத்தகத்தை வாங்கி மூடினார்.

"எப்போலேர்ந்து படிக்கிற?"

"இந்த டீச்சரு வந்தப்பறந்தான். அதுக்கு மின்ன என்னை யாரும் படின்னு கேக்கல."

சாலமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டெபோராவிடம், திங்களிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். விடுப்பில் போன டோரதி டீச்சர் திரும்பிவிடுகிறாராம். டெபோரா டோரதிக்கே போன் போட்டாள். "யார் சொன்னா? எனக்கு இன்னும் லீவு இருக்கே," என்றார் அவர், குழந்தை அழுகைக்கு நடுவே. காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று சாலமனிடம் டெபோரா கேட்டாள். கொடுக்கவில்லை.

ஆய்வு நாளில் பிள்ளைகளை ஒளிப்பது பற்றி அவள் ஒரு புகார் எழுதினாள். பதினொரு பெயர்கள், இரண்டு வருடத்து ஆய்வுத் தேதிகள். தாயம்மாவும் இன்னும் ஆறு பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள். கல்வி அலுவலகத்தில் எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்கதான் அங்க வேலையில இல்லையேம்மா. அப்புறம் உங்களுக்கென்ன?"

"புள்ளைங்க அங்கதான் இருக்காங்க சார். ரசீது குடுங்க."

ரசீது வரும்வரை நகர்வதில்லை என்று எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றரை மணிக்கு ரசீதில் முத்திரை விழுந்தது. புகாருக்குப் பதில் இன்னும் வரவில்லை.