மாப்பிள்ளை வீட்டாரும் மூன்று மெசேஜும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்தில் என் தங்கை ரோசி வீட்டில் அத்தனை பேரும் என் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது சோபாவில் தனி ஆளாக, விஐபி மாதிரி படுத்திருந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுத்தால் ரோசி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். கொடுக்காவிட்டால் சட்டியைக் கவிழ்த்துவைக்க வேண்டியதுதான்.

பெண் பார்க்கும் வீட்டில் என் போனுக்கு என்ன வேலை? சொல்கிறேன்.

எல்லாம் இந்த ஃபாஸ்டேக் செய்த வேலை. டிசம்பரிலிருந்து எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று அறிவித்துவிட்டார்கள் அல்லவா? நானும் விழுப்புரத்திலிருந்து கிளம்பி, டோல்கேட் ஓரமாகக் குடை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் போனேன். ஆர்.சி. புக் ஜெராக்ஸ், ஒரு போட்டோ, போன் நம்பர் — அவ்வளவுதான். ஓர் இளைஞர் கார் கண்ணாடியை உள்பக்கம் துடைத்துவிட்டு டேக்கை ஒட்டப் போனார். பக்கத்து சீட்டிலிருந்த என் மனைவி ஸ்டெல்லா கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்க மாதா இருக்காங்க. கண்ணு தெரியல?"

உண்மைதான். கார் வாங்கி, ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த அன்றைக்கே நடுக் கண்ணாடியில் மாதா ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. டேக்குக்கும் அதே இடம்தான் வேண்டுமாம்.

"மாதாவைக் கொஞ்சம் தள்ளி ஒட்டிக்கலாம்மா..."

"உன் டேக்கைத் தள்ளி ஒட்டுப்பா. மாதா முன்னாடியே வந்தவங்க."

கடைசியில் டேக் மாதாவின் காலடியில் அடக்கமாக இடம் பிடித்தது.

முதல் தடவை தாண்டினேன் பாருங்கள்... சில்லறை தேடவில்லை, கண்ணாடியை இறக்கவில்லை. கிட்டே போனதும் அந்தக் கட்டை தானாகத் தூக்கிக்கொண்டது! எனக்கு மந்திரி பதவி கிடைத்த மாதிரி இருந்தது. யாருக்கு என்று தெரியாமல் ஒரு சல்யூட் வேறு வைத்தேன். தாண்டிய கையோடு போனில் 'டிங்' — உங்கள் வண்டி இன்ன டோல்கேட்டை இத்தனை மணிக்குக் கடந்தது என்று மெசேஜ். வண்டியை யார் ஓட்டினாலும் மெசேஜ் எனக்குத்தான் வரும்.

அதை வைத்துத்தான் பின்னால் எனக்கு ஒரு யோசனை உதித்தது.

ரோசியின் மகள் ஷைனிக்கு முகையூரில் ஒரு வரன். நான் பார்த்ததுதான். பையன் ஜெரால்டு, பாண்டிச்சேரியில் வேலை. அப்பா சூசைநாதன், கரும்பு விவசாயி. ஞாயிறு பூசை முடிந்ததும் திண்டிவனத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்புவதாகப் பேச்சு. பார்த்தால், சனிக்கிழமை அவர்கள் கார் மெக்கானிக் ஷெட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. "நம்ம காரை எடுத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, நானும் ஸ்டெல்லாவும் முதல் நாளே பஸ் ஏறித் திண்டிவனம் வந்துவிட்டோம்.

டிங் என்றால் வழியில் இருக்கிற ஒரே டோல்கேட்டைத் தாண்டிவிட்டார்கள். அங்கிருந்து வீட்டுக்கு அரை மணி நேரம். பஜ்ஜி சுடச்சுடத் தட்டில் விழும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் ரோசிக்குக் கவலை பஜ்ஜி இல்லை. இரண்டு மாதம் முன்னால் வந்த ஒரு வரன், பாதி வழியில் போன் போட்டு "வேற இடம் முடிவாயிடுச்சு" என்று திரும்பிப் போய்விட்டது. பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த ஷைனி அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரே ஒரு தடவ. இதுவும் இப்பிடி ஆச்சுன்னா அப்புறம் யாரும் என்னைப் பாக்க வரக் கூடாது." சொன்னால் சொன்னபடி நிற்கிற பெண் அது.

டிங்!

"தாண்டிட்டாங்க!" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரோசி சமையலறைக்கு ஓட, அவள் கணவர் அந்தோணி சட்டை மாற்ற ஓட, ஸ்டெல்லா ஷைனியின் தலையில் இன்னும் ஒரு முழம் மல்லிகையை ஏற்ற... வீடே கல்யாண வீடாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிங்.

பார்த்தேன். அதே வண்டி, அதே டோல்கேட். "கம்ப்யூட்டர் ரெண்டு தடவ அனுப்பிட்டிருக்கு" என்றேன்.

ஸ்டெல்லா போனை வாங்கிப் பார்த்தாள். "டைம் வேற வேறயா போட்டிருக்கேங்க. ஒரே கேட்டை ரெண்டாவது தடவ தாண்டணும்னா... திரும்பிப் போனாத்தானே தாண்ட முடியும்?"

ரோசி அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "திரும்பிப் போய்க்கினு இருக்காங்க அண்ணா. யாரோ இன்னாவோ சொல்லிட்டாங்க."

சூசைநாதனுக்கு அடித்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. அவர் மனைவி அற்புதம் — எடுக்கவில்லை. ஜெரால்டு — அவனும் எடுக்கவில்லை. நான் கொண்டுவந்த சம்பந்தம் ஆயிற்றே! அந்தோணி எதிர் வீட்டைச் சந்தேகப்பட்டார். ரோசி தன் நாத்தனாரைச் சந்தேகப்பட்டாள். போகிற போக்கில் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

மெஷினுக்கு வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. அந்த 'ஏன்' நம் கையில் கிடைத்தால் சும்மா விடுவோமா? அஞ்சு நிமிஷத்தில் அஞ்சு பகையாளிகளைக் கண்டுபிடித்துவிட்டோம்!

ஷைனி உள்ளேயிருந்து வந்தாள். தலையிலிருந்த பூவைக் கழற்ற ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல மாமா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

டிங்!

யாரும் கிட்டே போகவில்லை. ஸ்டெல்லாதான் தைரியமாக எடுத்தாள். "மறுபடியும் அதே கேட்டு!" விரல் விட்டு எண்ணினாள். "இந்தப் பக்கம் வந்தாங்க... அந்தப் பக்கம் போனாங்க... அப்போ இப்ப இந்தப் பக்கம்தாங்க வர்றாங்க!"

"நாலாவது வந்துச்சுன்னா?" என்றாள் ரோசி.

"மாமா, முதல்ல போனை ஆஃப் பண்ணுங்க" என்றாள் ஷைனி. எல்லோரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம். ஸ்டெல்லா அந்தப் பூவை மறுபடி வைத்துவிட்டாள்.

என் கார் வந்து நின்றது. சூசைநாதன் இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். "லேட்டாயிடுச்சு, மன்னிச்சிக்கங்க. எல்லாம் இவளால!"

"என்னாலயா?" என்று அற்புதம் அம்மா பின்னாலேயே வந்தார். "நீங்களே சொல்லுங்கண்ணா. கேட்டு தானா தூக்கிச்சின்னு நான் சொல்றேன். கூண்டுக்குள்ள ஒருத்தன் குந்திக்கினு பட்டன அமுக்கறான்னு இவரு சொல்றாரு."

"அமுக்காம எப்பிடிங்க தூக்கும்?"

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். "உங்க வீட்டுக்குள்ள வந்தும் இதே சண்டைதான் போடுவாங்க சார். அதான் இன்னொரு தடவ பாத்துக்கட்டும்னு வண்டியத் திருப்பினேன்... போன் அடிச்சிக்கினே இருந்துச்சு, ஓட்டும்போது எடுக்கறதில்ல." பெரியவர்கள் இருவரின் போனும் காலை பூசையிலிருந்து சைலன்ட்டிலேயே கிடந்திருக்கிறது.

"சரி, என்னதான் முடிவு?" என்றார் அந்தோணி, மூச்சு திரும்பியவராக.

"பேஜாருங்க!" என்றார் சூசைநாதன். "ரெண்டாவது தடவ கூண்டயே பாத்தேன், கேட்டப் பாக்கல. மூணாவது தடவ கேட்டயே பாத்தேன், கூண்டப் பாக்கல!"

ஷைனி காபித் தட்டோடு வந்து நின்றாள். தலையைக் குனிந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும், அதுதான் முறை. பிறகு பெரியவர்கள் யாராவது உள்ளே போய், பையனைப் பிடித்திருக்கிறதா என்று காதோடு காதாகக் கேட்டு வருவார்கள். இவள் கொடுத்தாள். போகவில்லை. ஜெரால்டை ஒரு பார்வை, சூசைநாதனை ஒரு பார்வை.

"ஒருத்தர் கூண்டப் பாக்கணும், ஒருத்தர் கேட்டப் பாக்கணும்" என்றாள் சூசைநாதனிடம். "அத்தை சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நான் வந்து பாத்துச் சொல்றேன், மாமா."

உள்ளே போய்ச் சம்மதம் கேட்க அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவே இல்லை.