வீட்டில் போட்டது, வகுப்பில் சிரித்தது

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. என் மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை போன் செய்தார். "சார், கொஞ்சம் வர முடியுமா? ஒரு டிசி விஷயம்."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளையைப் பெற்றவனிடம் எடுத்த எடுப்பில் சொல்கிற வார்த்தையா அது?

"உங்க பையன் இல்ல சார். நீங்க கமிட்டி மெம்பராச்சே, அதான்."

போன உயிர் திரும்பி வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான் உறுப்பினர் என்பது எனக்கே அடிக்கடி மறந்துவிடும். 'பத்தி எழுதுகிறவர்தானே, தீர்மானமும் எழுதுவார்' என்று சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் நான் எழுதிய ஒரே தீர்மானம், தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது. இன்னும் கழுவவில்லை.

விஷயம் இதுதான். பிளஸ் டூ மாணவி ஒருத்தி — நிவேதா என்று வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றியிருக்கிறேன் — ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபடியே இன்ஸ்டாவில் ஓர் ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறாள். கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் போட்டோ. கீழே கேள்வி: 'மிஸ்ஸுக்குக் கல்யாணம் எப்போ?' மூன்று பதில்கள். அடுத்த வருஷம். அறுபதாம் வயசில். வாய்ப்பே இல்லை.

மிஸ்ஸுக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது நமக்கு எதற்கு?

சாயங்காலத்துக்குள் பாதி வகுப்பு ஓட்டுப் போட்டுவிட்டது. திங்கட்கிழமை மிஸ் போர்டில் எழுதத் திரும்பினால் பின்னால் சிரிப்பு. செவ்வாயும் அப்படியே. யாரோ ஒரு மாணவி மனசு கேட்காமல் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியிருக்கிறாள். புதன்கிழமை மிஸ் வரவில்லை. வேலையை விடுவதாகக் கடிதம் மட்டும் வந்தது.

நான் போனபோது தலைமையாசிரியை அறையில் நிவேதாவும் அவளுடைய அப்பா அம்மாவும் இருந்தார்கள். கல்லல் பக்கம் விவசாயம். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போன பிறகு டிசி என்றால் ஒரு வருடம் வீண். அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். அப்பா அழவில்லை, கேள்வி கேட்டார்.

"தப்புத்தான். இல்லேங்கல. ஆனா எங்க வீட்ல, எங்க போன்ல, லீவு நாள்ல பண்ணுனது. யூனிஃபாரம்கூடப் போடல. அதுக்கு நீங்க எப்புடி டிசி குடுப்பீக?"

நியாயமான கேள்வி. நான் தலைமையாசிரியையைப் பார்த்தேன்.

"போட்டது உங்க வீட்லதாங்க. சிரிச்சது எங்க கிளாஸ்ல" என்றார் அவர்.

இதுவும் நியாயம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் கமிட்டி மெம்பர் என்ன செய்வான்? டீ குடித்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் பிள்ளையின் வீடு வரைக்கும் பின்னாலேயே வரலாம் என்றால், எங்கே நிற்கும்? சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து வாத்தியாரைத் திட்டாத பிள்ளை உண்டா? அதற்கும் தண்டனையா? எனக்கு அது பயமாக இருக்கிறது. சரி, வாசலோடு பள்ளிக்கூடம் நின்றுவிட வேண்டும் என்றால், முதுகுக்குப் பின்னால் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே பாடம் நடத்துகிறவருக்கு யார் துணை? சட்டம் படித்த நண்பர் ஒருவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "அது சூழ்நிலையப் பொறுத்தது" என்றார். ஃபீஸ் வாங்காத வக்கீல் வேறென்ன சொல்வார்?

கடைசியில் பெரிய புத்திசாலி போல ஒரு கேள்வி கேட்டேன். "போட்ட பிள்ளைக்கு டிசின்னா, ஓட்டுப் போட்ட பிள்ளைங்களுக்கு?"

தலைமையாசிரியை ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஓட்டுப் போட்டவர்களின் பெயர்ப் பட்டியல். நிவேதாவே எழுதிக் கொடுத்தது. இரண்டாவது பெயர் என் மகன். 'வாய்ப்பே இல்லை'க்குப் போட்டிருக்கிறான்.

அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

நிவேதா மன்னிப்புக் கடிதம் ஒன்று கொண்டு வந்திருந்தாள். அருமையான கடிதம். 'தங்கள் மனம் புண்பட நேர்ந்தமைக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நீ எழுதுனியா?"

"இல்ல மேடம். போன்ல கேட்டேன். அதுவே எழுதிக் குடுத்துச்சு."

"அப்ப போனைத்தான் மன்னிக்கணும்" என்றார் அவர். "நேர்ல போய்க் கேளு. மிஸ் என்ன சொல்றாங்களோ அதுதான் முடிவு. நான் வரமாட்டேன், வேலைக்குக் கூப்பிட வந்த மாதிரி ஆயிடும். சார், நீங்க கூடப் போங்க."

முடியாது என்று சொல்லும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

மிஸ்ஸுக்கு வீடு கோவிலூரில். தலைமையாசிரியை முன்கூட்டியே பேசி, "வரட்டும்" என்று பதில் வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தெரு முனையில் சந்தித்தோம். மரியாதையாக இருக்கட்டும் என்று நான் வெள்ளை வேட்டி சட்டை. நிவேதாவின் அப்பாவும் அப்படியே. அம்மா பட்டுச்சேலை. அவர் கையில் எவர்சில்வர் தட்டு. அதில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, நாலு முழம் மல்லிகை.

"மொத மொத ஒரு வீட்டுக்குப் போறோம். வெறுங்கையோட போறது நல்லா இருக்காதுல்ல சார்" என்றார் அப்பா.

"ஆமாமா" என்றேன். எனக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் காதுகுத்து வரைக்கும் தட்டு தூக்கிப் பழக்கம். பூவும் பழமுமாக, பட்டும் வேட்டியுமாக நாலு பேர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் தெரு என்ன நினைக்கும்? ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்கே வாராவாரம் யோசனை சொல்கிற எனக்கும் தோன்றவில்லை.

எதிர் வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்தே வந்துவிட்டார்.

"வாங்க வாங்க. எந்த ஊர்ல இருந்து வாரீக? மாப்பிள்ளை வரலையா?" என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தரகரா?"

நான் எத்தனையோ பட்டம் வாங்கியிருக்கிறேன். இது புதிது.

"நல்லபடியா முடியட்டும்" என்று அவரே தொடர்ந்தார். "பாவம், இந்தப் புள்ளைக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. எப்பத்தான் நடக்குமோன்னு நாங்களும் கேக்காத நாள் இல்ல."

அப்போதுதான் பார்த்தேன். மிஸ் கேட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. கோபம்கூட இல்லை, பழகிப்போன ஒரு சலிப்பு. எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

நிவேதாவின் அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையால் பூவை மூடினார். 'ஆமாம், சும்மா பார்க்க வந்தோம்' என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"நாங்க பொண்ணு கேட்டு வரலங்க."

நிவேதாதான். குரல் தெருவுக்கே கேட்டது.

"நான் மிஸ்கிட்டப் படிக்கிறேன். மிஸ்ஸப் பத்தி அசிங்கமாப் போட்டுட்டேன். மன்னிப்புக் கேக்க வந்துருக்கேன்."

எதிர் வீட்டு அம்மாவுக்கு ஆர்வம் அடங்கவில்லை. "அப்புடி என்னத்தா போட்ட?"

"நீங்க இப்பக் கேட்டீகல்ல... அதத்தான் போட்டேன்."

அந்த அம்மா கீரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நான் நிவேதாவைப் பார்த்தேன். அந்தக் கேள்வி கேட்கப்படும்போது கேட்கப்பட்டவரின் முகம் எப்படி ஆகும் என்பதை அவள் அப்போதுதான் பார்த்திருக்கிறாள். இன்ஸ்டாவில் அது தெரியாது. அழுதுகொண்டிருந்தாள். இந்த முறை எந்த போனும் எழுதிக் கொடுக்கவில்லை.

மிஸ் எங்களை உள்ளே உட்கார வைத்து காபி கொடுத்தார். பிறகு நிவேதாவிடம் சொன்னார். "நான் லெட்டர் எழுதுனது உன் மேல உள்ள கோவத்துல இல்ல. சொந்தக்காரக கேப்பாக, தெருவுல கேப்பாக, பஸ்ல கேப்பாக. பள்ளிக்கூடத்துல மட்டும்தான் ஒருத்தரும் கேக்க மாட்டீக. அங்க வந்தா நான் கெமிஸ்ட்ரி மிஸ், அவ்வளவுதான். அதுவும் போயிருச்சேன்னுதான் எழுதுனேன்."

நிவேதாவின் அப்பா எழுந்து நின்றார். வீட்ல, போன்ல, லீவு நாள்ல என்று அடுக்கிய அதே மனிதர். "எம் புள்ளைக்கு நீங்க டிசியே குடுக்கச் சொன்னாலும் சரிதாம்மா. நீங்க வேலைய மட்டும் விட்றாதீக" என்றார்.

"டிசி குடுத்தா இவளுக்கு ஆர்கானிக் யாரு நடத்துறது?" என்றார் மிஸ். நிவேதாவிடம், "ரெக்கார்டு நோட்டு இன்னும் முடிக்கல நீ. திங்கக்கிழம வரணும்."

அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் நிவேதா எழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். யாரும் சொல்லாமலே, ஓட்டுப் போட்டவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்களாம். "நீ?" என்றேன் என் மகனிடம். "நாலாவதா எந்திரிச்சேன்ப்பா" என்றான். முதலிலேயே எழுந்திருக்கலாம். பரவாயில்லை, எழுந்தானே.

இப்போதும் பள்ளிக்கூடத்துக்கு அந்த உரிமை உண்டா இல்லையா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. டிசி கொடுத்திருந்தால் நிவேதா வேறு பள்ளிக்குப் போயிருப்பாள், மிஸ் வீட்டில் இருந்திருப்பார், அந்தக் கேள்வி மட்டும் ஊரில் சௌக்கியமாகத் திரிந்திருக்கும் என்பது தெரியும்.

நேற்று மார்க்கெட்டில் மிஸ்ஸைப் பார்த்தேன். எதிர் வீட்டு அம்மாவை விசாரித்தேன்.

"மூணு வாரமா அந்தப் பேச்சையே எடுக்கல சார். தண்ணி வந்துருச்சா, பால் வந்துருச்சான்னுதான் கேக்குறாக" என்று சிரித்தார்.

தண்டிக்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அதிகாரம் இல்லாத ஒருவர்தான் முழுசாகத் திருந்தியிருக்கிறார்!