கறுத்துப்போன மூன்று பில்கள்

இரண்டு வாரத்துக்கு முன்பு வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. மூன்று மொழியிலும் 'அரச சேவைக்கானது' என்று அச்சடித்த உறை. தபால்காரர் அதைத் தந்துவிட்டு என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அல்லது, பார்த்ததாக எனக்குப் பட்டது.

வரி அலுவலகத்துக் கடிதம். பெயர் என்னுடையதல்ல... என் மனைவி சுமதியுடையது.

சுமதி கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுப் பின் அறையில் கேக் செய்து விற்கிறாள். வளையல்களை அடகு வைத்து, அந்தக் காசை வங்கியில் போட்டு, பெரிய ஓவன் ஒன்று வாங்கினாள். கல்யாண ஓடர்கள் கூடின. வரவு செலவைக் காட்டி வருமான வரி விபரத்திரட்டு கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். எனக்கு அதில் பெருமை — இந்த உறை வரும் வரை!

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: விபரத்திரட்டில் காட்டிய செலவுகளுக்கான பில்களோடு பத்து நாளுக்குள் வரவும். நான் அதை நான்கு தடவை படித்தேன். அபராதமா? வழக்கா? ஓவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? ஒரு சாதாரணக் கடிதத்தில் இல்லாததையெல்லாம் படிக்க என்னைப் போன்றவர்களால்தான் முடியும்.

சுமதி ஒரே ஒரு தடவை படித்தாள்.

"பில்லுதானே கேக்குறாங்க? எல்லாம் அந்த பிஸ்கட் டின்ல இருக்குங்க. ஓவன் பில்லு மட்டும் பத்திரம். அது இல்லாட்டி நான் பொய்க்கணக்கு காட்டுன மாதிரி ஆகிடும். அப்படி ஒரு பேரோட இந்த வேலைய நான் செய்ய மாட்டேன், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, பேராதனையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குக் கேக் கொடுக்கப் போய்விட்டாள். வீட்டில் நானும் பிஸ்கட் டின்னும்.

பத்திரம் என்றால் நம் ஊரில் என்ன செய்வோம்? லெமினேட் செய்வோம். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளையின் நீச்சல் போட்டிச் சான்றிதழ்... பிளாஸ்டிக் உறைக்குள் போகாத காகிதம் எந்த வீட்டில் இருக்கிறது? சுமதியிடம் கேக் விலைப்பட்டியலுக்காக வாங்கிய சின்ன லெமினேட்டிங் மெஷின் ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டேன்.

முதலில் மா, முட்டை, பட்டர் வாங்கிய கடைகளில் கையால் எழுதித் தந்த பில்கள். பளபளவென்று வந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரிய பில்கள் மூன்றையும் — ஓவன், மிக்சர், பிரிட்ஜ் — ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி உள்ளே விட்டேன்.

மறுபக்கம் கன்னங்கரேலென்று வந்தது.

ஷோரூம்களில் மெஷின் துப்புகிற வழுவழுப்பான பில் இருக்கிறதே, அதில் எழுத்து விழுவதே சூட்டினால்தானாம். முழுக்கச் சூடு பட்டால் முழுக்கக் கறுக்கும். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

அதை அலுமாரியில், என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். அவள் வளையலை வைத்து வாங்கிய பொருள். அதற்கான அத்தாட்சியை எரித்தவன் நான். அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனே என்ற நினைப்பு என்னைத் தின்றது.

"என்னங்க, பிரஷரா?" என்றாள் சுமதி.

"வெயில்" என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

கண்டி டவுனுக்குப் போய் ஷோரூமில் பில் பிரதி கேட்டேன். "சிஸ்டம் மாத்திட்டோம் சேர், பழைய பில் எடுக்க டைம் எடுக்கும்" என்றார்கள். எவ்வளவு டைம்? அது அவர்களுக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் மடவளை பஸ்ஸில் ஏறினேன். சுமதியின் விபரத்திரட்டை நிரப்பிக்கொடுத்த ஃபரீதா டீச்சர் அங்கேதான் இருக்கிறார். வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்தப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்.

கறுப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! என்ன சந்திரன் இது? இப்பிடிக் கரிச்சிப்போட்டுக் கொண்டு வந்தீக்கிறீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னு... டீச்சர்."

"நல்ல பத்திரம்! சுமதி காசு கட்டினது கையிலயா, கார்டுலயா?"

"கார்டுல."

"அப்ப பேங்க் ஸ்டேட்மெண்ட் ஈக்கும். மூச்ச விடுங்க."

விட்டேன். ஆனால் அது மட்டும் போதாது, என்ன பொருள் என்று காட்ட பில்லின் பிரதி ஏதாவது வேண்டும் என்றார். மறுபடி மூச்சு நின்றது.

நின்ற மூச்சோடு நான் கேட்டுக்கொண்ட பாடங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மார்ச் முப்பத்தொன்றோடு வரி வருடம் முடிகிறதே! வழுவழுப்பு பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். எரிக்காவிட்டாலும் அது தானாக வெளுத்துவிடும். முடிந்தவரை கார்டில் கட்டுங்கள். வீட்டிலேயே தொழில் செய்தால் கரண்ட் பில் முழுவதையும் செலவாகக் காட்டாதீர்கள், தொழிலுக்குப் போன பங்கை மட்டும். ஓவன் போன்ற பொருளின் விலையை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். என்னைப் போன்ற சம்பளக்காரர்கள், அலுவலகமும் வங்கியும் பிடித்த வரிக்குச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். கட்டிய வரியைத் திரும்பவும் கட்டுகிறவர்கள் நிறையப் பேராம்.

"கோயிலுக்குக் குடுத்தது, டீச்சர்?"

"நன்கொடையெண்டா அரசாங்கம் ஏத்துக்கொண்ட தர்ம ஸ்தாபனமா ஈக்கணும். நான் ஏழைக்குக் குடுக்கிற ஸகாத்தையே கழிக்க ஏலாது. அது அல்லாஹ்ட கணக்கு."

"இன்னொரு மிக்சர் வாங்கினா வரி குறையுமா?"

"தேவையெண்டா வாங்குங்க. பத்து ரூவா வரிய மிச்சம் புடிக்க நூறு ரூவாய எறியிற ஆக்கள நான் தினமும் பாக்கிறேன்." சட்டம் வருடத்துக்கு வருடம் மாறும், கேட்டுச் செய்யுங்கள் என்றும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சுமதிக்குச் செல்லிட்டீங்களா?"

நான் அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"மொதல்ல அதச் செய்யுங்க. ஒபிஸுக்குப் போறது பொறகு."

அன்று பின்னேரம் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐசிங் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஃபோனை எடுத்து, ஹட்டனில் இருக்கும் தன் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியவற்றை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

ஒரு போட்டோ. புது ஓவன் பக்கத்தில் சுமதி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் விரித்துப் பிடித்த பில். அதற்குக் கீழே மிக்சர் பில், பிரிட்ஜ் பில். எல்லாவற்றிலும் திகதியும் விலையும் தெளிவாக இருந்தன.

"வளையல் எங்க போச்சுன்னு அக்கா கேட்டுச்சு. அதுக்கு அனுப்புனது" என்றாள். பிறகு மெதுவாக, "அஞ்சு நாளா இத ஒளிச்சு வச்சுக்கிட்டா சாப்பிடாம கிடந்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

தோன்றவில்லை. பயந்தவனுக்கு முதலில் ஒளிக்கத்தான் தோன்றுகிறது. உதவி செய்யக்கூடிய ஒரே ஆளிடமிருந்தே ஒளிக்கிறோம். வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் இருவரும் போனோம். எங்கள் முறை வரும்வரை பில்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஓவன் விலையைக் கழித்தது நிற்குமா, சுமதியின் பேர் நிற்குமா? அதிகாரி ஒரு சிங்களப் பெண். போட்டோக்களின் பிரதியையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் ஒப்பிட்டார். கறுப்பு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"ஹரி" என்றார், சிங்களத்தில் 'சரி' என்று. ஏதோ எழுதினார். முடிந்தது. வெளியே வந்ததும் சுமதி ஒன்பது நாளில் முதல் தடவையாக என் கையைப் பிடித்தாள்.

அந்தக் கறுப்பு அட்டையை அவள் எறியவில்லை. காந்தம் வைத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். வரி அலுவலகப் பயம் போய்விட்டது... ஒரு கிளாஸ் தண்ணீர் எடுக்கத்தான் இப்போது பயமாக இருக்கிறது!